மேற்குச் சுவரில் இரண்டு வெள்ளை

பாலவாக்கம்,
9 ஜூன் 2025

சீதா எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதையெல்லாம் கடையில் வேலை பார்க்கிற மெஹபூப் அலியிடம் கேட்டுவிட்டேன். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

ஃபோனை எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். ஃபோனில் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கடைசியில் எதற்குக் கூப்பிட்டோம் என்பதே மறந்துவிடும். காகிதத்தில் கத்த முடியாது. தவிர, இந்த விஷயத்துக்கு ஃபோன் உதவாது. "ஃபோன் படத்தை வைத்து மேட்சிங் பார்க்கப்பட மாட்டாது" என்று நம் ரவிக்கைத் துணிக் கடை வாசலில் போர்டு மாட்டியவரே நீங்கள்தான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். போன வியாழக்கிழமை, இங்கே கடல் தெரிகிற அறையில், ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கும் மேற்குச் சுவரில் பெயிண்டர் பக்கிரி இரண்டு சாம்பிள் அடித்து வைத்திருந்தார். இடது பக்கம் நீல வெள்ளை, வலது பக்கம் ஐவரி. எது வேண்டும் என்று நீங்கள் வந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. வந்தீர்கள், பார்த்தீர்கள், "என்னய்யா, ஒரே பெயிண்டை ரெண்டு இடத்துல தடவி வெச்சுட்டு ரெண்டு கலருங்கிறே? யாரை ஏமாத்தப் பாக்கிறே?" என்றீர்கள். அந்த மனுஷன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இன்னா நைனா, ஒண்ணு நீலமா கீது, ஒண்ணு மஞ்சளா கீது. கிட்ட வந்து பாரு." நீங்கள் அவரைத் திருடன் என்றீர்கள். அதற்குப் பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "அவர் சொல்றது சரி. உங்களுக்குத்தான் கண்ணு தெரியல."

மேட்சிங் கடைக்காரரைப் பார்த்து அப்படிச் சொல்லக் கூடாது. அதுவும் மூன்றாம் மனுஷர் முன்னால் சொல்லியிருக்கவே கூடாது. சொன்ன இடத்துக்காக வருத்தப்படுகிறேன். சொன்ன விஷயத்துக்காக இல்லை.

"இந்த வீட்டு வாசப்படியை இனிமே மிதிக்க மாட்டேன்" என்று நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனீர்கள். "நீங்க கண் டாக்டரைப் பார்க்காம நான் தி.நகர் பக்கம் வரமாட்டேன்" என்று நானும் படிக்கட்டில் நின்று சொன்னேன். கடையை மெஹபூப் கையில் விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் காலை நீட்டிக் கடலைப் பார்க்க வேண்டும் என்றுதான் இந்த வீட்டை வாங்கினோம். இப்போது ஒருத்தி இங்கே, ஒருத்தர் அங்கே. நல்லா வாங்கினோம்.

இத்துடன் இரண்டு அட்டை இருக்கிறது. அந்தச் சுவருக்கு வாங்கிய பெயிண்டை நானே தடவிக் காயவைத்து அனுப்புகிறேன். பின்பக்கம் 1, 2 என்று எழுதியிருக்கிறேன். கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பாருங்கள். எது என்ன கலர் என்று எழுதுங்கள். மெஹபூபைக் கேட்கக் கூடாது. சரியாகச் சொல்லிவிட்டால், பக்கிரி முன்னாலேயே உங்களிடம் மன்னிப்பு கேட்டுவிட்டு, பெட்டியோடு வந்துவிடுகிறேன்.

சீதா


தி.நகர்,
11 ஜூன் 2025

சீதாவுக்கு,

உறையும் அட்டையும் கிடைத்தன. மெஹபூப் வீட்டுக்குப் போகிற வழியில் பாலவாக்கம் இருப்பது உனக்கு நல்ல தபால் வசதியாகப் போய்விட்டது. அவன் என் கடையில் துணி கிழிக்கிற வேலைக்கு இருக்கிறான், தபால்காரன் வேலைக்கு இல்லை.

யாருக்குப் பரீட்சை வைக்கிறாய் என்று யோசித்தாயா? சாத்தான்குளத்திலிருந்து வந்து, அடுத்தவன் கடையில் துணி மடித்தவன் நான். மடிக்கும்போதே கலரைப் படித்தவன். எலிக்கலருக்கும் சாம்பலுக்கும், அரக்குக்கும் மெரூனுக்கும் என்ன வித்தியாசம் என்று மில் ஏஜெண்டுகளுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். டியூப்லைட்டில் துணி கிழிக்காதே, புடவையையும் ரவிக்கைப் பிட்டையும் வாசலுக்கு எடுத்துப் போய் வானத்து வெளிச்சத்தில் பிடி என்று இந்தத் தெருவுக்கு வழக்கம் உண்டாக்கியவன் யார்? மயிலாப்பூர் மாமிகள் கல்யாணப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி கண்ணுல பட்டாப் போறும்" என்று காத்திருப்பது உன் முன்னால்தானே நடக்கிறது? அந்தக் கண்ணைத்தான் ஒரு பெயிண்டர் முன்னால் வைத்துத் தெரியவில்லை என்றாய்.

போகட்டும். உன் கேள்விக்குப் பதில். அட்டை 1, நீல வெள்ளை. அட்டை 2, ஐவரி. இதில் என்ன பெரிய ரகசியம் இருக்கிறது? இரண்டாவதில் மஞ்சள் கொஞ்சம் தூக்கல், குறைக்கச் சொல். அன்றைக்கு ஜன்னலை ஒருக்களித்து வைத்துவிட்டுக் காட்டினால் யாருக்குத்தான் தெரியும்?

வெள்ளிக்கிழமை மெஹபூப் ஆட்டோவோடு வருவான். பெட்டியைக் கட்டி வை. கேஷில் நீ இல்லாமல் சில்லறைக்கு நாய்படாத பாடாக இருக்கிறது.

நல்லசிவம்


பாலவாக்கம்,
13 ஜூன் 2025

ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அட்டை 1 ஐவரி. அட்டை 2-ம் ஐவரி. ஒரே டப்பா, ஒரே பிரஷ். நீல டப்பாவை நான் திறக்கவே இல்லை.

வாசல் வெளிச்சத்தில் நின்று பார்த்தபோது இரண்டும் உங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். "ரெண்டும் ஒண்ணுதானேட்டி, என்ன விளையாட்டு இது?" என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் தோற்றிருப்பேன். பெட்டியைக் கட்டியும் வைத்திருந்தேன். இந்த ஒரு தடவை உங்கள் கண் உண்மையைத்தான் சொன்னது. நீங்கள்தான் அதை நம்பவில்லை. அது சொல்வதற்கு மேல் வேறு ஏதோ இருக்கும் என்று பயந்துகொண்டு, பக்கிரி சொன்னதை நினைவில் வைத்து எழுதிவிட்டீர்கள். மஞ்சள் தூக்கலாம்!

அப்படியென்றால் உங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. இத்தனை நாள் தனியாக வைத்துக்கொண்டு பயந்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை, நீங்கள் பொய் எழுதினது இல்லை.

டாக்டரிடம் போங்கள்.

சீதா


தி.நகர்,
20 ஜூன் 2025

சீதாவுக்கு,

ஒரு வாரமாகப் பதில் எழுதவில்லை. உன் கடிதத்துக்குப் பதில் இருந்தால்தானே எழுதுவதற்கு?

செவ்வாய்க்கிழமை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து சரண்யா என்று ஒரு பெண் அவள் அம்மாவோடு வந்தாள். போன வாரம் நிச்சயதார்த்தப் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுத்துப் போனவர்கள். ஆனந்தா நீலப் புடவை. நானே கையில் வாங்கி, நானே வாசலுக்கு எடுத்துப் போய், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, கிழிக்கச் சொன்ன துணி. தைத்துக் கொண்டுவந்து மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அந்த அம்மா சத்தம்கூடப் போடவில்லை. "அண்ணாச்சி, இது பச்சை" என்றாள், அவ்வளவுதான். நோயாளியிடம் பேசுகிற குரல். நான் மெஹபூபைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

துணியை எடுத்துக்கொண்டு திரும்பவும் வாசலுக்குப் போனேன். நல்ல வெயில். பன்னிரண்டு மணி வெளிச்சம் பொய் சொல்லாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. என் வாசலிலேயே, நான் உண்டாக்கிய வழக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. உள்ளே இருக்கிற லென்ஸ் பழைய செய்தித்தாள் மாதிரி மஞ்சளடித்துக் கிடக்கிறதாம். நீலம் வந்தால் அதுவே பாதியை வாசலில் நிறுத்திவிடுமாம். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்குத் தெரியாதாம். "என்ன தொழில் பண்றீங்க?" என்றார் டாக்டர். "ஜவுளி" என்று மட்டும் சொன்னேன். மேட்சிங் சென்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.

25-ஆம் தேதி வலது கண். ஒரு மாதம் விட்டு இடது கண். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருக்கிறதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு, இருக்கிறதும் போய்விட்டால் என்ன செய்வது? மெஹபூப் கூட வருவான். நீ வர வேண்டாம். உனக்கு ஒரு பிடிவாதம் என்றால் எனக்கும் ஒன்று உண்டு.

நல்லசிவம்


பாலவாக்கம்,
21 ஜூன் 2025

வர வேண்டாம் என்றீர்கள். சரி.

தலைக்கு முன்கூட்டியே குளித்துவிடுங்கள், அப்புறம் பத்து நாள் விடமாட்டார்கள். சொட்டு மருந்து போட மெஹபூபுக்குக் கை நடுங்கும். அவன் சம்சாரத்தை வரச் சொல்லியிருக்கிறேன். பச்சை மிளகாய் தாளிக்கிற இடத்தில் நிற்காதீர்கள், தும்மல் வரும்.

பக்கிரியிடம் மற்ற அறைகளை முடிக்கச் சொல்லிவிட்டேன். மேற்குச் சுவர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சீதா


தி.நகர்,
30 ஜூன் 2025

சீதாவுக்கு,

எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். குனியாதே, தும்மாதே, கனம் தூக்காதே என்றார் டாக்டர். எழுதாதே என்று சொல்லவில்லை.

முதலில் ஒரு விசாரணை. ஆபரேஷன் முடிந்து வராண்டாவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ என் கையில் காபியை வைத்தார்கள். சர்க்கரை போடாத காபி. எனக்குச் சர்க்கரை வியாதி என்று நர்ஸுக்குத் தெரியலாம், சீட்டில் எழுதியிருக்கும். நான் எந்தச் சூட்டில் குடிப்பேன் என்று எந்தச் சீட்டில் எழுதியிருக்கும்? மெஹபூபைக் கேட்டால் மின்விசிறியைப் பார்க்கிறான்.

அது கிடக்கட்டும். நான் எழுத வந்தது வேறு. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருக்கிறது. சொல்வதற்கு உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை என்பதும் இந்த நாலு நாளில்தான் தெரிந்தது.

மரத்துப்போக மருந்து விட்டுப் படுக்கவைத்தார்கள். மேலே ஒரே ஒரு வெளிச்சம். தண்ணீருக்கு அடியில் மல்லாந்து கிடந்து சூரியனைப் பார்க்கிற மாதிரி அது ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து கலர் வர ஆரம்பித்தது சீதா. முதலில் வெங்காயக் கலர். அது விரிந்து வாடாமல்லி ஆனது. அதற்குப் பின்னால் ஒரு நீலம் வந்தது பார். ஆனந்தா நீலம் இல்லை, ராமர் நீலம் இல்லை, நம் ரேக்கில் எதுவும் இல்லை, எந்த மில்லும் அதை இதுவரை போட்டதில்லை. வாழ்நாளெல்லாம் கலர் விற்றவன் பேர் தெரியாமல் படுத்துக் கிடந்தேன். "டாக்டர், அது என்ன கலர்?" என்று கேட்டுவிட்டேன். "பேசாதீங்க, அசையாதீங்க" என்றார். பயமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க மாட்டார்களா என்று இருந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எதிரே ஒரு நர்ஸ் நின்றாள். அவள் உடுப்பு வெள்ளை. அவ்வளவுதான், வெள்ளை. வலது கண்ணை மூடினேன், டீ சிந்தின வேட்டி. இடது கண்ணை மூடினேன், வெள்ளை. மாற்றி மாற்றி மூடினேன். அந்தப் பெண் தப்பாக எடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று மெஹபூப் என் தொடையில் கிள்ளினான். ஒரே ஆள், ஒரே உடுப்பு, ஒரே வெளிச்சம். மூக்குக்கு இந்தப் பக்கம் ஓர் உலகம், அந்தப் பக்கம் வேறு உலகம். இத்தனை நாளும் நான் டீ சிந்தின உலகத்திலேயே கடை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தெருவுக்கு வந்தேன். நெடுஞ்செழியன் தன் பிளாஸ்டிக் கடைக்கு வெளியே நீலப் பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தொங்கவிட்டிருந்தான். அந்த நீலத்தின் முன்னால் கால் நகரவில்லை. கோயிலில் தீபாராதனை காட்டும்போது நிற்பது போல நின்றேன். "என்ன அண்ணாச்சி, பக்கெட் வேணுமா?" என்றான். "இல்ல, சும்மா பாக்கிறேன்" என்றேன். பக்கெட்டைச் சும்மா பார்க்கிற ஆளை அவன் ஆயுசில் பார்த்திருக்க மாட்டான். பாவம் என்று ஒன்று வாங்கிக்கொண்டேன். மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்போதும் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்து நீல ரேக்கைப் பார்த்தேன். கறுப்பு என்று நான் கட்டிவைத்த துணிக்கட்டில் பாதிக்கு மேல் கருநீலம். ஆனால் ஒரு சந்தேகம் வந்தது. நான் அடுக்கினது இப்படித் தப்பும் தவறுமாக இருந்தால், இவ்வளவு நாள் வியாபாரம் எப்படி நடந்தது? மெஹபூபைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். கடைசியில் வாயைத் திறந்தான். "அக்காதான் அண்ணாச்சி. காலையில மாடி வீட்டுலேருந்து நீங்க கீழ எறங்கி வர்றதுக்குள்ள நீலத்தையெல்லாம் திரும்ப அடுக்கிடணும்னு சொல்லிருச்சு. கிழிக்கிறதுக்கு முன்னால நான் அக்கா மொகத்தைப் பாப்பேன். தலையை ஆட்டுனா கிழிப்பேன். ஆட்டலன்னா துணி கம்மியா இருக்கு, வேற எடுக்கிறேன்னு உள்ள போயிருவேன்." எத்தனை நாளாக என்று கேட்டேன். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளியிலிருந்து என்றான். இந்தத் தடவை நீ போன பிறகு அவன் தனியாக நின்று என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறான்.

நீ கேஷில் உட்கார்ந்து அடிக்கடி தலையை ஆட்டுவாய். சில்லறை எண்ணுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நல்லசிவம்


பாலவாக்கம்,
3 ஜூலை 2025

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பக்கெட் இடத்தை நாலு தடவை.

காபி விஷயம் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் நல்ல நர்ஸ்கள் இருப்பார்கள்.

மெஹபூபைத் திட்டாதீர்கள். அது என் ஏற்பாடு. முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்துப் பக்கத்தில் வருவேன். அந்த நேரம் பார்த்து ஒரு மாமி புடவையை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணாச்சி பாத்தாச் சரி" என்பாள். உங்கள் முகம் நிமிரும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தலையை ஆட்டிவிடுவேன். அப்படியே ஆட்டி ஆட்டி நாள் ஓடிவிட்டது. கடைசியில் ஒரு பெயிண்டர் முன்னால் போட்டு உடைத்தேன், அதுதான் என் சாமர்த்தியம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் வெளியே வருகிற காலமாக இருக்கிறது. போன தீபாவளிக்கு மயில்கழுத்து என்று ஒரு பட்டு எடுத்து வந்தீர்களே, எத்தனை கடை ஏறி இறங்கினேன் என்று பெருமையடித்துக்கொண்டு? அதில் மயிலும் இல்லை, கழுத்தும் இல்லை. வெறும் பச்சை. நல்ல பச்சைதான், குறை சொல்லவில்லை. நான்கு கல்யாணத்துக்குக் கட்டிவிட்டேன். யாராவது "பச்சைப் பட்டு நல்லாருக்கே" என்றால், உங்கள் காதில் விழுகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

அது சரி, அடுத்து என்ன? நான் சொன்னது டாக்டரைப் பார்த்தால் வருகிறேன் என்று. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். நான் வர வேண்டியதுதான் நியாயம். ஆனால் சுவர் காத்திருக்கிறது. நீங்கள் வந்து பார்க்காமல் அதை விட்டு வர மனசில்லை. உங்கள் வாசப்படிச் சபதம் வேறு இருக்கிறது. வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் கபாலி கோயிலுக்குப் போவேன், தெரியும்தானே. போய்விட்டு மயிலாப்பூரில் காய்கறி வாங்கிக்கொண்டு வர ஒன்பது ஆகிவிடும். சும்மா சொல்கிறேன்.

சீதா


தி.நகர்,
8 ஜூலை 2025

சீதாவுக்கு,

நேற்று வந்தேன். நீ இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தேன். வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன், மிதிக்கவில்லை. காலைத் தூக்கித் தாண்டி வைத்தேன். பக்கிரி சாட்சி.

இடது கண்ணைச் சரி பண்ணுவதற்கு முன்னால் அந்தச் சுவரைப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. 25-ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு கண்ணும் ஒன்றாகிவிடும். அப்புறம் பழசு எப்படி இருந்தது என்று எதை வைத்து ஒப்பிடுவேன்? சாம்பிளைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சரக்கு எடுக்கிறவன் வியாபாரி இல்லை.

அறைக்குள் போனதும் முதலில் சுவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. கடல்.

இந்த வீட்டைப் பேசி முடிக்க வந்த அன்றைக்கு நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "கடல் பூரா சாக்கடையாக்கி வெச்சிருக்கானுங்க" என்று கார்ப்பரேஷனைத் திட்டினேன். விலையில்கூட அதைச் சொல்லிக் குறைக்கச் சொன்னேன். நீ என்னையே பார்த்தாய். நேற்று அதே ஜன்னலில் நின்று வலது கண்ணால் பார்த்தேன். கரையோரம் கலங்கல், அதற்கப்பால் பச்சை, அதற்கும் அப்பால் நீலம், கடைசியில் வானத்தோடு சேருகிற கோட்டில் கருநீலம். எந்தப் பட்டறையிலும் இப்படி ஒன்றிலிருந்து ஒன்றை இழைத்துச் சாயம் ஏற்ற முடியாது. எங்கே ஒன்று முடிந்து எங்கே அடுத்தது ஆரம்பிக்கிறது என்று தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. இடது கண்ணால் பார்த்தேன். பழைய சாக்கடை. திரும்ப வலது கண். எவ்வளவு பெரிய சாமானை இத்தனை நாள் குறைந்த விலைக்கு மதித்திருக்கிறேன் சீதா.

பிறகுதான் சுவருக்குத் திரும்பினேன். இடது கண்ணுக்கு அன்றைக்குப் போலவே இரண்டும் ஒன்றுதான். திருடன் என்று நான் சொன்னது அந்தக் கண்ணை வைத்துத்தான். பிறகு வலது கண்ணுக்கு மாறினேன். சுவர் இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கம் விடிகாலை, இன்னொரு பக்கம் வெண்ணெய். இதையா ஒன்று என்றேன்? குழந்தைகூடச் சொல்லாது. வெயில் ஏற ஏற அவை இரண்டும் பேச ஆரம்பித்தன. ஐவரி வெயிலை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. நீல வெள்ளை வெயிலைத் தள்ளி நிறுத்திக் குளிர்ச்சியாக நின்றது. அசையாத சுவரில் இவ்வளவு நடக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கிரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"பக்கிரி, நீங்க சொன்னதுதான் சரி. ரெண்டு கலர்தான். நான் பேசினது தப்பு" என்றேன்.

"அத்த வுடு நைனா. நான் அன்னிக்கே மறந்துட்டேன். இப்பவாச்சும் தெரியுதுல்ல? இன்னா, ஒரு மாசமா ரெண்டு டப்பாவையும் மூடி வெச்சிக்கினு குந்திகினு கீறேன். எதுன்னு சொன்னா அடிச்சுட்டுப் போயிகினே இருப்பேன்" என்றார்.

எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீல வெள்ளைதான். சந்தேகமே இல்லை. அந்த ஐவரியை இனி எதற்கு? என் இடது கண் ஊர் பூராவும் அதைத்தான் அடித்து வைத்திருந்தது. போதும்.

ஆனால் பக்கிரியிடம் சொல்லவில்லை. நீ தலையை ஆட்டாமல் அவர் ரோலரைத் தொடக் கூடாது.

கிளம்பும்போது பால்கனிக் கொடியைப் பார்த்தேன். ஒரு பட்டுப்புடவை ஆறப்போட்டிருந்தாய். பச்சை. நல்ல பச்சை.

நல்லசிவம்


பாலவாக்கம்,
10 ஜூலை 2025

புடவையை வேண்டுமென்றேதான் கொடியில் போட்டேன். மழைக்கும் வெயிலுக்கும் ஒரு பட்டுப்புடவையை யாராவது பால்கனியில் போடுவார்களா?

நீங்கள் போனபிறகு பக்கிரி எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கும் சுவருக்கும் நடந்ததை, தரையில் உட்கார்ந்ததை, எல்லாம். "நைனா சாமி பாத்த மாரி பாத்துச்சும்மா" என்றார். நான் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு ஒன்று செய்தேன். ஸ்வீட் டப்பாவில் சுற்றி வந்த மஞ்சள் கண்ணாடித்தாள் ஒன்று சமையலறையில் கிடந்தது. அதை நாலாக மடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டு மேற்குச் சுவரைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றுதான். ஜன்னலுக்குப் போய்க் கடலைப் பார்த்தேன். சாக்கடை. என் கையைப் பார்த்தேன், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். இந்த மஞ்சளுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு துணியை எடுத்து வாசலுக்குப் போய், தைரியமாக "இதுதான் மேட்ச்" என்று இத்தனை பேருக்கு நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதிலும் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். எப்படி என்று இப்போதுவரை எனக்குப் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் உங்களுக்குத் தெரியாததைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தெரிந்ததை எண்ணவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீல வெள்ளைக்கு நான் தலையை ஆட்ட மாட்டேன்.

எனக்கு ஐவரிதான் வேண்டும். முதல் நாளிலிருந்தே ஐவரிதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பணம் எண்ணியிருக்கிறேன். விடிந்தால் அந்த நீல வெளிச்சம், பொழுதுபோனால் அதே நீல வெளிச்சம். ஒரு அறையாவது எனக்கு வெண்ணெய் மாதிரி வேண்டும். கடலில் உங்களுக்கு வேண்டிய நீலம் கொட்டிக் கிடக்கிறது. அது போதாதென்று சுவரிலும் வேண்டுமா? பக்கெட்டை வேண்டுமானால் கொண்டுவந்து அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்கள் கண்ணைச் சொல்லி நான் ஜெயிக்க முடியாது. என்னைச் சொல்லி நீங்களும் ஜெயிக்க முடியாது. இந்தச் சண்டையை ஒரு மாதமாக நாம் போடவே இல்லை, வேறு எதையோ போட்டுக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கிரியை வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள். ஆள் இருக்கும்போதே வாருங்கள், வாசப்படியை மிதித்தே வாருங்கள். ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். சுவருக்கு முன்னால் நின்று நேருக்கு நேராகப் பேசிக்கொள்ளலாம். மெஹபூபிடம் தீர்ப்பு கேட்கக் கூடாது, அவன் மின்விசிறியைப் பார்ப்பான்.

25-ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு நான் வருகிறேன். வர வேண்டாம் என்று எழுதாதீர்கள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஓடுவதற்கு எனக்கு வயசில்லை.

இத்துடன் இரண்டு அட்டை. இந்தத் தடவை இரண்டு டப்பாவிலிருந்து. பின்னால் நம்பர் எழுதவில்லை.

சீதா